முதலில் உட்கார்ந்து விளையாடுங்கள்

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நம்ம சுங்கை சிப்புட் தம்பி ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறான்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஐந்து நிற வீரர்களாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி ஒருவர் போட்ட பதிவை எல்லாரும் படித்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி வைத்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: அவர் விளையாடவில்லை. வந்தார், படம் எடுத்தார், விதிப் புத்தகத்தை நின்றபடியே புரட்டினார். முதல் சண்டை தொடங்குவதற்குள் ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

ராத்திரி பதிவு வருகிறது. பழைய நினைவை விற்கிறார்களாம். அமெரிக்கத் தொடரின் நகலாம். குழந்தைத்தனமாம்.

நகல் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். ஆளுக்கொரு நிறத்தில் ஐந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து சண்டை போடும் தொடர் ஜப்பானில் 1975-லேயே வந்துவிட்டது. அந்த வரிசையில் வந்த பிற்காலத் தொடர் ஒன்றின் சண்டைக் காட்சிகளை அமெரிக்காக்காரர்கள் வாங்கி, மீதியைத் தங்கள் நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டி, 1993-இல் பவர் ரேஞ்சர்ஸ் என்று விட்டார்கள். நாம் பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஜப்பானிடமிருந்து அமெரிக்கா எடுத்தால் அது வியாபாரம், சுங்கை சிப்புட் பையன் எடுத்துத் தன் ஊர்க் கதையைச் சொன்னால் நகலா?

சரி, 'பழைய நினைவு' என்கிறாரே, அதற்கு வருகிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பவர் ரேஞ்சர்ஸ் ஆட்டம் ஆடாத பிள்ளை கிடையாது. யார் வீட்டில் கலர் டிவி இருந்ததோ அந்த வீட்டுப் பையன்தான் சிவப்பு. அவன்தான் தலைவன். மற்ற நிறங்கள் அவனுடைய கூட்டாளிகளுக்குப் போகும். எனக்கு நிறமே கிடைத்ததில்லை. நான் எப்போதும் அரக்கன். ஐந்து பேரிடமும் அடி வாங்கிக்கொண்டு, காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்து மண்ணில் விழ வேண்டும், விழுந்தால் எழுந்திருக்கக் கூடாது. இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு வலிக்கிறது.

தம்பியின் விளையாட்டில் சிவப்புக்குத் தலைமை கிடையாது. அவர் புத்தகத்தைப் படித்திருந்தால் இது தெரிந்திருக்கும். இரண்டு பகடையை உருட்டிக் கூட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் காரியம் கெட்டது. இந்தக் கணக்கு 2010-இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இதே மாதிரி மேசை விளையாட்டிலிருந்து எடுத்தது, தம்பியே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறான். ஆனால் காரியம் கெட்டுப்போனவருக்குத்தான் அடுத்த காட்சியில் தலைவர் பட்டை என்பது அவனுடைய விதி. பழைய நினைவை அப்படியே விற்கிறவன் இப்படி ஒரு விதியை எழுதுவானா?

அன்றைக்கு நீலத்தை எடுத்தது நான்காம் படிவம் படிக்கும் ஒரு பிள்ளை. பகடையில் 2-ம் 1-ம் விழுந்தன. கையை மெல்ல மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். தம்பி ஒன்றும் பேசாமல் பட்டைத் துணியை அவள் பக்கம் தள்ளினான். அவள் அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, "நான் சொல்லலாமா?" என்று கேட்டாள். அப்புறம், "பாலத்தை விடுங்க, பஸ்ஸுல இருக்கிற பிள்ளைங்கள முதல்ல இறக்குங்க" என்றாள். பச்சை நிறத்தில் உட்கார்ந்திருந்தது அவளுடைய அப்பா. மறு பேச்சு இல்லாமல் அவள் சொன்னபடி செய்தார். அந்த நேரத்தில் நம்ம விமர்சகர் எங்கே இருந்தார்? நெடுஞ்சாலையில் இருந்தார்.

கித்தாக்கொட்டையை, அதாவது ரப்பர் மரத்து விதையை, காய்களாக வைத்ததையும் கேலி செய்திருக்கிறார். ஐந்து பேரும் ஆளுக்கொரு கொட்டையை நடுவில் வைத்தால்தான் பெரிய ரோபோவைக் கூப்பிட முடியும். பொதுவில் புள்ளி சேர்க்கும் முறை புதிதில்லை என்கிறார். இல்லைதான். 2016-இல் வந்த மாஸ்க்ஸ் என்ற மேசை விளையாட்டிலும் அது உண்டு. ஆனால் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட ஊரில், அந்தக் கொட்டைகளுக்காகத் தம்பி யாருடைய சின்னத் தோட்டத்திலோ குனிந்து பொறுக்கியிருக்கிறான். அதைக் கேட்கவாவது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அப்படியானால் விமர்சனமே கூடாதா?" என்று கேட்பீர்கள். நானே விமர்சித்திருக்கிறேன். இரண்டு பகடைக்கு 36 விதமாக விழ வழி உண்டு. அதில் 15-இல் கூட்டுத்தொகை 6-க்குள் நின்றுவிடும். தொடக்கத்தில் கூட்டிக்கொள்ள எந்தப் புள்ளியும் இல்லாததால் ஐந்தில் இரண்டு முறைக்கு மேல் தோற்கிறோம், சின்னப் பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வில்லன்கள் பகுதி மெலிவு என்றும் சொன்னேன். ஒருவர் வராவிட்டால் ரோபோ என்னாவது என்று இன்னொருவர் கேட்டார். தம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விளையாடியவர்கள் சொன்னார்கள், அவன் கேட்டுக்கொண்டான். வாசம் பிடித்துவிட்டு உப்பு போதாது என்று சொல்வதற்கு நான் எப்படித் தலையாட்டுவது?

"வெளியாள் பார்வை வேண்டும்" என்பவர்களுக்கும் இதுதான் பதில். வரட்டும், உட்காரட்டும், விளையாடட்டும். அப்புறம் கிழித்துத் தொங்கவிடட்டும்.

"விளம்பரம்தானே, நல்லதுதானே" என்று எழுதிய நண்பருக்கு: புத்தகம் கேட்டிருந்த இரண்டு பேர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். 15 வெள்ளி (ரிங்கிட்) புத்தகம். பெரிய காசில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்து இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவனுக்கு அது பெரிசு.

நம் பிள்ளைகள் எதையாவது செய்தால் மட்டும் ஏன் நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்கிறோம்? கோலாலம்பூரில் ஆங்கிலத்தில் ஒருவன் இதையே செய்திருந்தால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எங்கள் லயம் இடிபட்டுவிட்டது. ஐந்து பேராக நின்ற கூட்டாளிகளில் ஒருவன் ஜொகூரில், ஒருவன் பினாங்குத் தொழிற்சாலையில், மற்றவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. எங்களுக்கு மிச்சம் இருப்பது நினைவுதான். அதை வைத்து ஒருவன் புதிதாக எதையோ செய்கிறான். அதைக் குழந்தைத்தனம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பதிவை அழிக்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. "நான் இதை விளையாடிப் பார்க்கவில்லை" என்ற ஒரு வரியை மட்டும் அதன் தலையில் சேர்த்துவிடுங்கள்.