அந்தக் காலமும் அப்படித்தான் சார்

வலைப்பதிவு காலத்தில் எல்லாரும் நேர்மையாக எழுதினார்கள், இன்ஸ்டாகிராம் வந்துதான் கெட்டுப்போனது என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படியெல்லாம் இல்லை சார். 2006-ல் அமெரிக்காவில் ஒரு ஜோடி வேனில் ஊர் ஊராகப் போய், வால்மார்ட் கடை வாசல்களில் வண்டியை நிறுத்தித் தங்கி, அங்கே வேலை செய்பவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பதிவு போட்டது. செலவு வால்மார்ட் ஆதரவு அமைப்பு ஒன்றுடையது. பின்னணியில் எடெல்மேன் என்ற பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனம். படம் எடுத்தவரோ வாஷிங்டன் போஸ்ட் புகைப்படக்காரர்! குட்டு உடைந்ததும் அதன் தலைவர் ரிச்சர்ட் எடெல்மேன் தன் வலைப்பதிவிலேயே மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில், மைக்ரோசாஃப்டின் புது விண்டோஸ் விஸ்டா போட்ட ஏசர் ஃபெராரி லேப்டாப்புகள் பதிவர்கள் வீடு தேடி இலவசமாகப் போனது தனிக்கதை.

நானும் சென்னையில் சில வருடம் பிஆர் வேலை பார்த்தவன்தான். பிரஸ் மீட் முடிந்ததும் நிருபர்களுக்குச் செய்திக்குறிப்பு ஃபைலுக்குள் பணக் கவரைச் செருகிக் கொடுப்போம். (கூச்சமாகத்தான் இருக்கும், கொடுக்கிறவனுக்கும்.) ஒரு பெரியவர் மட்டும் குறிப்பை எடுத்துக்கொண்டு, கவரை மேஜையில் வைத்துவிட்டு, "காபி நல்லா இருந்துச்சு தம்பி" என்று கிளம்பிவிடுவார். அப்புறம் கிளையண்ட்டிடம் நாங்கள் பெருமையாகக் காட்டியது அவர் எழுதிய நாலு வரியைத்தான்.