விபத்து எண்ணிக்கையும் ஆபத்தும் ஒன்றல்ல

மேலே ஒருவர், 2022-இல் சாலை விபத்துகளில் தமிழ்நாடுதான் முதலிடம், அதனால் நாட்டிலேயே உயிருக்கு ஆபத்தான சாலைகள் இங்கேதான் என்று எழுதியிருக்கிறார். பலரும் பகிர்ந்திருக்கிறார்கள்.

முதல் பாதி சரி. அந்த ஆண்டு இங்கே பதிவான விபத்துகள் 64,105. எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஆனால் இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. உயிரிழப்பில் முதலிடம் உத்தரப் பிரதேசம்: 22,595 பேர். தமிழ்நாட்டில் 17,884. இத்தனைக்கும் உத்தரப் பிரதேசத்தில் பதிவான விபத்துகள் 41,746தான். நூறு விபத்துக்கு இத்தனை உயிர் என்று வகுத்துப் பாருங்கள்: அங்கே சுமார் 54, இங்கே 28.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம் பதிவு முறையாக இருக்கலாம் என்பது என் ஊகம். சிக்னலில் பைக் சறுக்கி முழங்கை சிராய்த்தது கூட, காப்பீட்டுக்காக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ஒரு விபத்துதான். எழுதாமல் விட்டால் கணக்கிலேயே வராது. மரணத்தை அப்படி விட்டுவிடுவது கடினம்.

இதற்காக நம் சாலைகள் பத்திரமானவை என்று சொல்லவில்லை. உயிரிழப்பில் இரண்டாம் இடம் நமக்குத்தான்.

சரிபார்க்க விரும்பினால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் 2022-க்கான சாலை விபத்து அறிக்கை இருக்கிறது. மாநிலவாரி அட்டவணையில் விபத்து, உயிரிழப்பு இரண்டையும் பார்த்து, செல்போன் கால்குலேட்டரில் வகுத்தால் போதும்.