வேலைக்குப் போய் வருகிற வண்டி சுகமாக இருந்தால் என்ன குற்றம்?

நேற்று அந்த கார் குழுமத்தில் நடந்ததைப் பெரும்பாலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே பலர் அனுப்பிவிட்டார்கள், அதனால் இங்கே மறுபடி ஒட்டவில்லை. ஒரு பெண் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. தினமும் போக ஒரு மணி நேரம், வர அதற்கும் மேல். ஒரு ஸ்போர்ட்டி காம்பாக்ட்டும் (வேகத்துக்கென்று செய்த சின்ன கார்) ஒரு மிட்சைஸ் செடானும் (தனி டிக்கி உள்ள நடுத்தர அளவு கார்) பார்த்து வைத்திருக்கிறேன், எதை எடுக்கலாம்? அவ்வளவுதான். நான் செடான் என்றேன், காரணத்தையும் நாலு வரியில் எழுதினேன். "ஓட்டத் தெரியாதவர்கள்தான் செடான் வாங்குவார்கள், ஓட்டத் தெரியாதவர்கள்தான் அதைச் சிபாரிசும் செய்வார்கள்" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குக் கீழே சிரிப்புக் குறிகள் குவிந்தன. ராத்திரிக்குள் அந்தப் பெண் பதிவையே எடுத்துவிட்டார்.

என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. கேள்வி கேட்டவரை வாயடைக்க வைத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. அதனால் அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. வேலைக்குப் போய் வருகிற வண்டியில் நீங்கள் ஓட்டுகிற நேரத்தைவிட உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். ஆகவே அந்த வண்டியை உட்காருவதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் எங்கே ஓட்டத் தெரியாமை வந்தது?

சரி, கணக்கையே பார்ப்போம். ஏற்ற இறக்கமில்லாத சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மிட்சைஸ் செடான் சீராகப் போவதற்குத் தேவைப்படுவது சுமார் 15 கிலோவாட், அதாவது 20 குதிரைத்திறன். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் அவ்வளவு போதும். ஹூண்டாயின் ஸ்போர்ட்டி காம்பாக்ட்டான ‘எலான்ட்ரா என்’ வண்டியில் இருப்பது 276 குதிரைத்திறன். அருமையான எஞ்சின், மறுக்கவே இல்லை. முந்துவதற்கும் நெடுஞ்சாலையில் ஏறிச் சேர்வதற்கும் கூடுதல் சக்தி வேண்டும், அதுவும் சரி. ஆனால் முன்னால் இருக்கிற பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டே நகர்கிற நேரத்தில் அந்தச் சக்தி முழுவதும் சும்மா கிடக்கிறது. அதற்காகச் செய்த இறுக்கமான சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்குகிற ஸ்பிரிங் அமைப்பு, மட்டும் சும்மா கிடப்பதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அது வேலை செய்கிறது, உங்கள் இடுப்பில்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற எண்ணைப் படித்துப் பாருங்கள். ஸ்போர்ட்டி காம்பாக்ட்டான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் இப்போதைய தலைமுறையில் 19 அங்குலச் சக்கரத்தில் வருவது 235/35. அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 35 சதவீதம்தான் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், உயரம். அதாவது 82 மில்லிமீட்டர். மிட்சைஸ் செடானான டொயோட்டா கேம்ரியின் சாதாரண வகையில் வந்த 205/65, 16 அங்குல டயரில் அதே கணக்கைப் போட்டால் 133 மில்லிமீட்டர். சாலைக்கும் உலோகத்துக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக ரப்பரும் காற்றும் இருக்கிறது. சஸ்பென்ஷன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அடியில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்கிறது. சின்னக் குழியில் விழுந்தால் ரிம் வளைகிற பயமும் அந்த அளவுக்குக் குறைவு.

அப்புறம் வீல்பேஸ், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம். கேம்ரியில் 2825 மில்லிமீட்டர், கோல்ஃபில் சுமார் 2630. ஒரே உயரமுள்ள மேட்டில் ஏறும்போது இரண்டு அச்சுக்கும் நடுவே இடைவெளி கூடக்கூட வண்டி முன்னும் பின்னும் சாய்கிற கோணம் குறைகிறது. தலை முன்னால் போய்ப் பின்னால் வருவது குறைகிறது. மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வருவதைத்தான் மிகக் கூர்மையாக உணர்கிறது. இது என் கற்பனை இல்லை, உடலதிர்வை அளப்பதற்கென்றே இருக்கிற ஐஎஸ்ஓ 2631 தரநிலை அந்த எல்லையைத்தான் கவனிக்கச் சொன்னது. கெட்ட சாலையில் குட்டையான சைடுவாலும் இறுக்கமான டேம்பரும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற பாகம்) உங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அந்த எல்லையைத்தான்.

"நீ ஸ்போர்ட்டி வண்டியை ஓட்டியிருக்கிறாயா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓட்டியிருக்கிறேன். வருடக்கணக்கில் அதில்தான் வேலைக்குப் போனேன். அதை ஆசைப்பட்டு வாங்கினேன், விற்கிற அன்றும் ஆசையோடுதான் விற்றேன். காலியான வளைவுச் சாலையில் மூன்றாவது கியரில் அது திரும்புகிற திரும்பலை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். ஸ்டீயரிங் வழியாகச் சாலை உள்ளங்கையில் பேசும். ஆனால் அந்தச் சாலை என் ஆபீஸுக்குப் போகிற வழியில் இல்லை. என் வழியில் இருந்தது சிக்னல், மேம்பாலத்தின் இணைப்புப் பட்டைகள், மறுபடி சிக்னல். மேனுவல் கிளட்ச். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன், இடது முழங்கால் மடங்க மறுக்கும். வீட்டில் யாராவது பேச வந்தால் எரிந்து விழுவேன். செடானுக்கு மாறிய பிறகு டிராஃபிக் குறையவில்லை, தூரமும் குறையவில்லை. வீட்டுக்குள் நுழைகிற மனிதர் மாறியதை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் சொன்னார்கள்.

"இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் எடுத்தால் போச்சு" என்பவர்களுக்கு: கியரைத் தானே மாற்றுகிற பெட்டி அது, வேகமாக ஓடும்போது அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் ஊர்ந்து போகும்போது உள்ளே கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, சூடாகிறது. கேம்ரி போல, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் செடானில் அந்த வேலையை மின்மோட்டார் செய்கிறது, தேய்வதற்குக் கிளட்சே இல்லாத அமைப்பு அது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால்தான் நின்று நின்று போகிற பயணத்தில் அதன் மைலேஜ் விழுவதில்லை. அமெரிக்க அரசுச் சோதனையில் 2025 கேம்ரி ஹைப்ரிட்டின் அடிப்படை வகை லிட்டருக்குச் சுமார் 21.7 கிலோமீட்டர், ஹோண்டாவின் ஸ்போர்ட்டி காம்பாக்ட்டான சிவிக் எஸ்ஐ சுமார் 13.2. சின்ன வண்டி என்றால் குறைவாகக் குடிக்கும் என்று இன்னமும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பாருங்கள். இந்த சிவிக் எஸ்ஐ மேனுவலில் மட்டும்தான் வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் ஊர்கிற ஒருவருக்கு அதைத்தான் நேற்று பாதிப் பேர் சொன்னீர்கள்.

பார்க்கிங் கஷ்டம் என்றார்கள். கேமரா இருக்கிறது, பழகிவிடும்.

ஸ்போர்ட்டி வண்டி ஆபத்தில் நன்றாக விலகும், நன்றாக நிற்கும் என்றார்கள். இதைத் தள்ள மாட்டேன், உண்மை இருக்கிறது. நல்ல பிடிமானமுள்ள டயர், பெரிய பிரேக், இறுக்கமான உடல். ஆனால் ஆபத்து வருகிற நொடியில் முதலில் வேலை செய்வது ஓட்டுகிறவரின் கண்ணும் மூளையும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. களைப்பினால் அரை நொடி தாமதமானால் 14 மீட்டர் போச்சு. அந்த 14 மீட்டரை எந்த பிரேக் திருப்பித் தரும்? மேலும், நல்ல டயரைச் செடானுக்கும் போடலாம். யாரும் தடுக்கவில்லை.

அட்ஜஸ்ட் செய்கிற டேம்பர் வைத்த ஸ்போர்ட்டி வண்டிகள் மெத்தென்று போகும் என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைடுவால் அதே 82 மில்லிமீட்டர்தானே?

ஸ்போர்ட்டி என்றால் கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்றும் எனக்குப் புரியவில்லை. 1976இல் முதல் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது அதற்கு 110 குதிரைத்திறன், 13 அங்குலச் சக்கரம், 175/70 டயர். சைடுவால் 122 மில்லிமீட்டர். எடை வெறும் 800 கிலோ சொச்சம், எடையில்லாததால் சுறுசுறுப்பு. இன்றைக்கு எடை ஏறிவிட்டது, அதை மறைக்கச் சக்கரம் பெரிதாகிவிட்டது. அளவும் ஏறிவிட்டது. இப்போதைய சிவிக்கின் வீல்பேஸ் 2735 மில்லிமீட்டர், 1990இன் ஹோண்டா அக்கார்டில் அது 2720. ஆக, நேற்றைய மிட்சைஸ்தான் இன்றைய காம்பாக்ட். நேற்று செடானைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர் ஓட்டுகிற வண்டி, அளவில் அவர்களுடைய அப்பாக்கள் ஓட்டிய செடான்தான்.

அப்பா என்றதும் சொல்லிவிடுகிறேன். "ஓட்டத் தெரியாதவர்கள்" என்ற வார்த்தை எனக்கு ஏன் இவ்வளவு சுட்டது என்றால், என் அப்பா வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய செடான்களை ஓட்டிச் சம்பாதித்தவர். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். வண்டி நிற்கப் போகிற கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்துவார், பின்சீட்டில் இருப்பவரின் தலை அசையாது. எப்போது நின்றது என்றே தெரியாது. எனக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான், வேகம் அப்புறம்தான். முன்னால் மூன்று வண்டிகளைத் தாண்டிப் பார்த்துவிட்டு ஆக்சிலரேட்டரை விடுவார், அநேகமாக பிரேக்கே தேவைப்படாது. அவரோடு வருகிறவர்கள் பேப்பரை மடிக்காமல் படித்துக்கொண்டு வருவார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல அந்தக் குழுமத்தில் யாருக்குத் தகுதி இருக்கிறது? ஆளில்லாத சாலையில் எடுத்த வீடியோவை வைத்துக்கொண்டு அந்தக் கைகளை அளக்க வராதீர்கள். அவர் முதுகு கடைசி வருடங்களில் என்ன பாடுபட்டது என்று நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சீட்டைப் பற்றி, சைடுவாலைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

களைப்பைச் சொன்னால் "வயதாகிவிட்டது" என்கிறீர்கள். சுகம் வேண்டும் என்றால் ஏதோ குறையைச் சொன்னது போல ஒரு பார்வை. வேலை செய்து திரும்புகிற மனிதருக்கு வழியில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமா? அந்தப் பெண் தன் பதிவில் மூன்றாவது வரியில் எழுதியிருந்தார், பாதி மாதம் இரவு ஷிஃப்ட் என்று. விடிகாலையில் திரும்புகிறவர். கீழே வந்த கமெண்டுகளில் ஒருவர்கூட அந்த வரியைத் தொடவில்லை. எல்லாரும் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை நொடி என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். "ஸ்போர்ட்டி வண்டி தூங்க விடாது" என்று ஒருவர் எழுதினார். ராத்திரி முழுக்க விழித்திருந்தவரைக் கரடுமுரடான சஸ்பென்ஷன் விழிக்க வைக்காது, இன்னும் அயர வைக்கும். அந்த நிலையில் ஓரமாக நிறுத்தித் தூங்கச் சொல்ல வேண்டுமே தவிர இப்படி எழுதக்கூடாது.

ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. கார்மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் இல்லையென்றால் நல்ல வண்டியே வந்திருக்காது. ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கான வண்டியை இன்னொருவரின் திங்கட்கிழமைமேல் ஏற்றாதீர்கள். இதைத்தான் நேற்றும் சொன்னேன்.

பதிவை எடுத்துவிட்டவர் இதைப் படித்தால் உங்களுக்கு: செடானில் மேல் வகையை எடுத்தால் சக்கரம் பெரிதாகிவிடும், சுகம் குறையும். 16 அல்லது 17 அங்குலம் வருகிற வகையைக் கேளுங்கள். டெஸ்ட் டிரைவை ஷிஃப்ட் முடிந்து, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது, நீங்கள் தினமும் போகிற வழியில் மிக மோசமான பகுதிக்குக் கொண்டு போங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு டயர் சத்தத்தைக் கேளுங்கள். சீட்டில் இடுப்புத் தாங்கல் உங்கள் உயரத்துக்கு எட்டுகிறதா என்று பாருங்கள், அரை மணி நேரமாவது உட்காருங்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த ஸ்போர்ட்டி காம்பாக்ட்தான் பிடித்திருந்தால் தயங்காமல் அதையே எடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள். இங்கே சிரிப்புக் குறி போடுகிறவர்களை நான் அப்போதே நீக்கிவிடுவேன்.