லோக்கல் சேனல் படுத்த கதை: யூடியூபைத் திட்டுறதுக்கு முன்னாடி

"எங்க ஊர் லோக்கல் சேனலை யூடியூப் முடிச்சுடுச்சு" என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். மலிவு டேட்டா 2016 செப்டம்பரில் ஜியோவோடு வந்தது. அரசு கேபிள் டிவியின் செட்டாப் பாக்ஸ் 2017 செப்டம்பரில் வீடுகளுக்கு வர ஆரம்பித்தது. ஒரு வருஷ இடைவெளியில் இரண்டும் வந்ததால் பழி முழுக்க போன் மேல் விழுந்துவிட்டது. எங்கள் கணக்கில் பெரிய குற்றவாளி அந்தப் பாக்ஸ்தான்.

ஏன் என்று புரிய பழைய கண்ட்ரோல் ரூம் எப்படி வேலை செய்தது என்று தெரியணும். 1980களின் பின்பாதியில் கேபிள் என்றால் வீடியோ கேசட் ஓட்டும் ஒரு டெக், நாலு தெருவுக்கு ஒயர், ராத்திரி ஒரு படம். 1991-இல் ஸ்டார் டிவி, 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி என்று வரிசையாக வந்ததும் மொட்டை மாடியில் வலை டிஷ் ஏறியது. ஒவ்வொரு சாட்டிலைட் சேனலுக்கும் ஒரு ரிசீவர், படத்தை டிவி பிடிக்கும் அலைவரிசையில் ஏற்ற ஒரு மாடுலேட்டர். எல்லாவற்றையும் கம்பைனரில் சேர்த்து ஒரே ஒயரில் வெளியே அனுப்பணும். லோக்கல் சேனலுக்கு அந்த ரிசீவர்கூட வேண்டாம். டெக்கின் வீடியோ, ஆடியோ ஒயரை நேராக ஒரு மாடுலேட்டரில் சொருகினால் ஊருக்கு ஒரு டிவி நிலையம் தயார். தனி லைசென்ஸும் கிடையாது. 1995 கேபிள் சட்டப்படி தலைமை அஞ்சல் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்திருந்தால், சொந்த சேனலுக்கு நிகழ்ச்சி விதி, விளம்பர விதி மட்டும்தான். அதையும் யார் பார்த்தார்கள்?

அந்தச் சேனலை எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசைப் பகுதியில், போடுகிறோம் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். ஆர்ஜி-6 ஒயரில் மேல் அலைவரிசைகள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபல் இழக்கும். 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மேலே ஹைப்பர் பேண்டில் இருக்கும் சேனல் கடைசி வீட்டில் புள்ளியடிக்கும்போது, கீழ் பேண்டில் இருக்கும் லோக்கல் சேனல் பளிச்சென்று தெரியும். 8 பட்டன் வைத்த பழைய டிவியிலும் அது வரும். ஜவுளிக்கடை முதலாளி விளம்பரம் கொடுக்க இது போதாதா?

இதில் ஒரு பொறியும் உண்டு. பக்கத்து தூர்தர்ஷன் டவர் எந்த அலைவரிசையில் ஒளிபரப்புகிறதோ, அதில் கைவைக்கக் கூடாது. டிவிக்குள்ளேயே காற்று வழி சிக்னல் புகுந்துவிடும். தூர்தர்ஷனையே அதே இடத்தில் விட்டால், காற்றில் வருவது ஒயரில் வருவதைவிட ஒரு கணம் முந்துவதால் படத்துக்கு இடப்பக்கம் நிழல் விழும். லோக்கல் சேனலை விட்டால் ஊர்ச் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் தூர்தர்ஷன் மங்கலாக மிதக்கும். நிழல் வலப்பக்கம் விழுந்தால் காற்று மேல் பழி இல்லை. எங்கோ கனெக்டர் லூஸ், அல்லது வீடுகளுக்கு ஒயர் பிரியும் டேப்-ஆஃப் பெட்டியின் முனை மூடாமல் கிடக்கிறது.

படத்தின் குறுக்கே ஒரு பட்டை மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருந்தால், கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கணும். அதற்கான 60 வோல்ட் ஏசி அதே ஒயரில்தான் போகும். வெயிலில் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்தால் மின்சாரத்தின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். டிவியைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

தயாரிப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. சாதா விஎச்எஸ் கேசட் சுமார் 240 கோடு தெளிவுதான் தரும். எடுத்தது முதல் டேப், டெக்கிலிருந்து டெக்குக்கு எடிட் செய்தது இரண்டாவது, விளம்பரம் சேர்த்தது மூன்றாவது. ஒவ்வொரு நகலிலும் நிறம் கொஞ்சம் நகரும். மூன்றாவது தலைமுறையில் பட்டுப்புடவைச் சிவப்பு பக்கத்தில் நிற்பவர் முகத்தில் வழியும். ஊர்க்காரர்களுக்கு அது பெரிசாகத் தெரியவில்லை. திரையில் இருப்பது தெரிந்த முகம்.

பாட்டு கேட்கும் போன் நிகழ்ச்சியில் "டிவி சவுண்டைக் குறைச்சுட்டுப் பேசுங்க" என்று நூறு தடவை சொல்வார்களே, அதற்கும் காரணம் உண்டு. அனலாக்கில் தாமதமே கிடையாது. பேசுபவரின் குரல் அவர் வீட்டு டிவியில் அந்த நொடியே வந்து மறுபடி போன் ரிசீவருக்குள் நுழையும், கீச்சென்று கத்தும். டிஜிட்டலில் அதே குரல் சில நொடி கழித்து வந்து ஆளைக் குழப்பும்.

வருமானம் பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, கீழே ஓடும் ஸ்க்ரோலிங், கோயில் திருவிழா ஸ்பான்சர். ஆனால் பலர் இந்த உழைப்பை விட்டுவிட்டுத் திருட்டு விசிடியில் புதுப்படம் ஓட்டினார்கள். 2004-இல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் அது அடங்கியது. சினிமாவை வைத்துக் கூட்டம் சேர்த்த சேனலுக்குச் சினிமா போனதும் கையில் ஒன்றும் இல்லை. இதில் தப்பு நம் கேபிள்காரர்கள் மேல்தான்.

இனி பாக்ஸ். அனலாக்கில் ஒரு சேனல் எடுத்துக்கொண்ட இடத்தில், டிஜிட்டலில் 64-க்யூஏஎம் என்ற முறையில் 8 மெகாஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகிறது. சாதா தரத்தில் பத்துப் பன்னிரண்டு சேனல் தாராளமாக அடங்கும். இடம் பெருகியது, ஆனால் கதவு மூடியது. சேனல்களைச் சேர்ப்பதும், பணம் கட்டியவர் மட்டும் பார்க்கும்படி பூட்டுவதும் எம்எஸ்ஓ எனப்படும், பல ஊர் ஆபரேட்டர்களுக்குச் சேனல் கொடுக்கும் பெரிய ஆபரேட்டரின் ஹெட்எண்ட் என்ற கண்ட்ரோல் ரூமில், எங்கோ பெரிய ஊரில் நடக்கிறது. நம்ம ஊர் ஆபரேட்டரிடம் இருப்பது ஃபைபரில் வரும் ஒளியை ஒயருக்கு மாற்றும் ஒரு நோடு. அதன் பக்கத்தில் பழைய மாடுலேட்டரைச் சொருகினாலும் பாக்ஸ் சீண்டாது. அதற்குக் கொடுத்த அட்டவணையில் இல்லாத சேனலை அது தேடுவதே இல்லை. பூட்டாத சேனலை அனுப்பச் சட்டமும் விடாது.

ஆகவே ஊர்த் தேரோட்டத்தை நேரலையில் காட்ட இன்று பாதை இப்படி: கேமரா, படத்தை டேட்டாவாக மாற்றும் என்கோடர், இரண்டு மூன்று மெகாபிட் பிராட்பேண்ட், தூரத்து ஹெட்எண்ட், அங்கிருந்து ஃபைபரில் மறுபடி அதே தெரு. பிராட்பேண்ட் திணறினால் தேர் பாதி வழியில் உறைந்து நிற்கும். சேனல் நம்பர் கொடுப்பதும் எம்எஸ்ஓ. பட்டியலின் வாலில் நம்பர் கிடைத்தால் யாரும் அதுவரை பட்டனை அழுத்த மாட்டார்கள்.

2022 நவம்பர் 30-இல் மத்திய அரசு கொண்டுவந்த நெறிமுறை மீதியையும் முடித்தது. இந்த மாதிரி சேனல்கள் எம்எஸ்ஓ பெயரில் பதிவாகணும், ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய். மொத்த சேனல் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. உள்ளூர்ச் செய்தி போடணும் என்றால் எம்எஸ்ஓ ஒரு கம்பெனியாக இருக்கணும். ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்கணும். கடைசி விதியில் எங்களுக்குச் சண்டை இல்லை. தேர்தல் சமயத்தில் வாய்க்கு வந்ததை ஓட்டிவிட்டு டேப்பை அழித்தவர்களும் இருந்தார்கள். 1,000 ரூபாயும் பாரமில்லை. ஊர்ச் செய்தியை ஊரில் இருக்கும் ஆபரேட்டர் தன் பெயரில் போட வழி இல்லாமல் போனதுதான் வயிற்றெரிச்சல்.

அழித்த டேப் என்றதும் ஒன்று. புது டேப் வாங்கக் காசில்லாமல் பழைய திருவிழா மேலேயே அடுத்த திருவிழாவைப் பதிந்தவர்கள் நிறைய. மிஞ்சியது ஏதாவது ஆபரேட்டர் வீட்டுப் பரணில் கிடக்கலாம். கிடைத்தால் உடனே டெக்கில் போடாதீர்கள். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. போட்டால் ஹெட் அடைத்து, அடுத்து போடும் நல்ல டேப்பிலும் பரவும். சுத்தமாக இருந்தால் ஒரு முறை முழுக்க முன்னோட்டி, பின்னோட்டி, அப்புறம் ஓட்டுங்கள். எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் எஸ்-வீடியோ ஒயரில் எடுங்கள், மஞ்சள் ஒயர் வேண்டாம். கம்ப்யூட்டரில் DV என்ற ஃபார்மட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். இடம் போதாது என்று அந்த மூலக் கோப்பைச் சுருக்காதீர்கள். கேசட் முதுகில் ஒட்டிய சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வருஷம், எந்தக் கோயில் என்பது பெரும்பாலும் அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும்.