நான் எந்தப் பசலி?

போன வாரம் என் மகன் மூன்றாவது முறையாக என்னைப் பத்தாம்பசலி என்றான். முதல் இரண்டு முறை காதில் விழாதது போல் எழுந்து போய்விட்டேன். இந்த முறை முடியவில்லை. வயிறு எரிந்தது.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? இரண்டு ஏக்கர் நிலத்துக்குக் கட்டிய தீர்வை ரசீதுகளை வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, இந்தக் குப்பையை ஏன் அப்பா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? சரியான பத்தாம்பசலி!"

திட்டட்டும். பெற்றவன் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திட்டுகிற சொல்லுக்குப் பொருள் தெரிந்து திட்டக் கூடாதா? "பசலி என்றால் என்ன, சொல்லு பார்ப்போம்" என்றேன். கீரை என்றான். பசலைக் கீரை! பத்தாம் கீரை என்றா அப்பனைத் திட்டினாய் என்று கேட்டால் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொள்கிறான்.

பசலி என்பது வருஷக் கணக்கு. அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் ஆண்டு நிலவைப் பார்த்து ஓடுவது, 354 நாளில் முடிந்துவிடும். நெல்லும் கோதுமையும் விளைவது சூரியனைப் பார்த்து. நிலவை நம்பி வரி கேட்டால் கதிர் முற்றுவதற்கு முன்பே வரி வாங்குகிறவன் வாசலில் வந்து நிற்பான். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அக்பர் காலத்தில் பசலி வந்தது. தக்காணத்துக்கு அதை 1636இல் கொண்டுவந்தவர் ஷாஜகான். நம் பக்கத்தில் கணக்கு சுலபம்: ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் போதும். ஜூலை 1ஆம் தேதி புதுப் பசலி பிறக்கும். 2025 ஜூலையில் பிறந்தது 1435ஆம் பசலி.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் பத்தாம் பசலி என்பது கி.பி. 600. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தை ஒட்டி. அக்பர் பிறக்கவே இன்னும் ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது! அந்த வருஷத்தில் வாழ்ந்த ஒருவனும் அதைப் பசலி என்று எழுதியிருக்க முடியாது. எவனும் வாழாத ஒரு வருஷத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறான் பிள்ளை.

இந்த ஒரு சொல்லோடு நிற்கிறார்களா? வாயை மூட வைக்க ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். பழைய பஞ்சாங்கம் என்பதையாவது ஏற்றுக்கொள்வேன், போன வருஷத்துத் திதி இந்த வருஷத்துக்கு உதவாதுதான். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டால் என் மனைவி கட்டுப்பெட்டி. மூத்தவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சுத்தக் கர்நாடகம். பக்கத்து மாநிலத்தின் பெயர் என்ன பாவம் செய்தது?

காலாவதி என்ற சொல்லையும் விட்டுவைக்கவில்லை. அது மருந்து அட்டைக்கு உரிய சொல். அவதி என்றால் எல்லை, இன்ன தேதியோடு காலம் முடிந்தது என்று அச்சடித்திருப்பார்கள். தமிழில் அவதிக்குத் துன்பம் என்றும் பொருள் உண்டு என்பது எனக்கு மிக்ஸி பழுதானபோதுதான் உறைத்தது. ஜாடி மூடிக்கு ஒரு ரப்பர் வாஷர் கேட்டுப் போனேன். "இது காலாவதியான மாடல் சார், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார் கடைக்காரர். மோட்டார் நன்றாக ஓடுகிறது. பிளேடு நன்றாக இருக்கிறது. விரல் மொத்தத்துக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைக்காததால் மிக்ஸிக்கே மரணச் சான்றிதழ்! எந்தத் தேதியில் அதன் காலம் முடிந்தது, எங்கே அச்சடித்திருக்கிறது என்று கேட்டேன். அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்து அவர் கண்ணைச் சிமிட்டினார். எனக்குத் தெரியும், நான் படியிறங்கியதும் என்ன சொல்லியிருப்பார் என்று.

மகன் கதைக்கு வருகிறேன். நேற்று முன்தினம் பயிர்க்கடனுக்காக அடங்கல் வாங்கக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனான். இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்று எழுதிவரும் இரண்டாம் எண் கிராமக் கணக்குதான் அடங்கல். பதினோரு மணிக்கு எனக்கு அழைப்பு.

"அப்பா, எந்தப் பசலிக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?"

கீரைக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வா என்று சொல்ல நாக்கு துடித்தது. 1435 என்றேன். சற்று நேரத்தில் மறுபடியும் அழைத்தான். முந்தைய இரண்டு பசலிக்கும் தீர்வை கட்டிய ரசீது இருந்தால் கொண்டுவரச் சொல்கிறார்களாம். "அந்தப் பெட்டியில் இருக்குமா அப்பா?" குரலில் அப்படி ஒரு பணிவு. 1433, 1434 இரண்டையும் எடுத்து, நூலைப் பிரித்து, மேசைமேல் வைத்தேன். வந்தான், வாங்கிக்கொண்டு ஓடினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலையில் அடங்கலோடு வீடு திரும்பியவன் செருப்பைக் கழற்றியபடியே மருமகளிடம் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது: "இன்னமும் அங்கே பசலி போட்டுத்தான் எழுதுகிறார்கள் தெரியுமா? சுத்தப் பத்தாம்பசலி ஆபீஸ்!"