அந்த மூன்று, உண்மையில் ஆறு

தம்பி, "சூப்பர் நிண்டெண்டோவில் ஃபைனல் ஃபேன்டசி 3 முடித்துவிட்டு 4-க்குப் போங்கள், கதை தொடரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஃபைனல் ஃபேன்டசி என்பது ஜப்பானிய வீடியோ கேம் வரிசை; சூப்பர் நிண்டெண்டோ அதை ஆடிய ஒரு கேம் கருவி. 1994-இல் அமெரிக்காவில் 3 என்று விற்றது ஜப்பானின் 6-ஆம் பாகம். ஜப்பானில் வந்த 2, 3, 5 மூன்றும் அப்போது அங்கே போகவில்லை. அதனால் 4-க்கு 2 என்றும் 6-க்கு 3 என்றும் எண் போட்டார்கள். 1997-இல் பிளேஸ்டேஷன் என்ற கேம் கருவியில் 7 வந்தபோதுதான் இரண்டு நாட்டு எண்களும் ஒன்றாயின.

அப்புறம், இவை எல்லாம் தனித்தனிக் கதைகள். மாயவரத்தில் ஆடிப்பெருக்குக்கு வந்திருந்த அக்கா மகனுக்கு நான் முதலில் கொடுத்ததே இந்த 6-தான். அதில் வரும் ஓபரா (இசை நாடகம்) மேடைக் காட்சியில் காவிரிக்குக் கிளம்பக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம்.