சிகரெட் மட்டும் காரணம் இல்ல
ஏழைங்களுக்கு ஹார்ட் அட்டாக் அதிகம் வர்றதுக்கு சிகரெட்டும் சாப்பாடும்தான் காரணம்னு உங்க கட்டுரைல ஒரே வரில முடிச்சிட்டீங்க, அது மட்டும் போதாதுன்னுதானே பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மாட் இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றார். 1967ல லண்டன்ல ஆரம்பிச்ச வைட்ஹால் ஆய்வுல எல்லாருமே அரசு ஊழியர், ஆம்பளைங்க, எல்லாருக்கும் என்எச்எஸ்ங்கிற அரசு பொது மருத்துவ சேவைல வைத்தியம் உண்டு, அப்படியும் ஃபைல் தூக்கிட்டு அலையுற மெசஞ்சர், வாசல்ல நிக்கிற காவலாளி இவங்க இதய நோய்ல செத்தது உயர் அதிகாரிங்கள விட 3 மடங்குக்கும் மேல. புகை, பிபி, கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல எடுத்தும் பெரும்பாலான வித்தியாசம் அப்படியே நிக்குது. மேல கமெண்ட்ல ஒருத்தர் ஏழைங்களுக்குப் பணம் வந்தா சரியாயிடும்னு எழுதியிருக்கார், ஆனா நல்ல சம்பளம் வாங்குற மேலேருந்து ரெண்டாவது நிலைல இருக்கிற அதிகாரிக்கே உச்சில இருக்கிறவங்கள விட ரிஸ்க் ஜாஸ்தி, 1985ல பெண்களையும் சேர்த்து ஆரம்பிச்ச அடுத்த ஆய்வுல வேலைல சொந்தமா முடிவெடுக்க முடியாதவங்களுக்கு இதய நோய் கூடுதலா வருதுன்னும் தெரிஞ்சுது, அதப்பத்தி கட்டுரைல ஒரு வார்த்தை கூட இல்லையே.